பாப்பாரப்பட்டிக்கு வந்த கடல்

போன வாரம் உங்கள் தியேட்டர் ஆபரேட்டர் அறைக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்களில் ஒருவர் (பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்) சுருளை மாட்டிக்கொண்டே, "சுத்த டப்பாப் படம்ங்க, இதையெல்லாம் எவன் பாக்கப் போறான்" என்று சலித்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. ஓய்வு பெற்றவன் போன இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று வீட்டில் எனக்கு உத்தரவு. அதனால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். கிளம்பினேனே தவிர, அந்த வார்த்தையும் என்னோடு பஸ் ஏறி வீடு வரைக்கும் வந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தம்பிகளா, டப்பாப் படம் என்றால் என்னவென்று உங்களுக்கு என்ன தெரியும்? நான் ஓட்டியிருக்கிறேன் ஒன்று. இத்தனை வருஷத் தொழிலில் அதற்குக் கீழே ஒரு படத்தை நான் பார்த்ததில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும், சிரித்து முடிப்பதற்குள் வேறொன்றும் நினைவுக்கு வந்துவிடும்.

யுத்த காலம் அது. தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. பாப்பாரப்பட்டி சந்தைத் திடலுக்குப் பக்கத்தில் எங்கள் டூரிங் டாக்கீஸ் கூடாரம் போட்டிருந்தது. ஊர்க்காரர்கள் சினிமாக் கொட்டாய் என்பார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் ஓலைத் தட்டி, எல்லோருக்கும் மணல் தரை. நான்தான் ஆபரேட்டர். ஃபிலிமுக்கே தட்டுப்பாடு வந்து தமிழ்ப் படங்கள் எடுப்பது குறைந்துபோயிருந்தது. ஓட்டிய படத்தையே எத்தனை தடவை ஓட்டுவது? முதலாளி சேலம் வரைக்கும் போய் அலைந்துவிட்டு, ஒரு இங்கிலீஷ் படத்தின் பெட்டியோடு வந்து இறங்கினார். விஞ்ஞானப் படமாம். வெள்ளைக்கார விஞ்ஞானி ஒருவர் இரும்பு உருண்டைக்குள் உட்கார்ந்து ஆழ்கடலுக்குள் இறங்கி, அங்கே ஒரு நகரத்தைக் கண்டுபிடிக்கிறாராம். முதலாளியும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. பெட்டியோடு வந்த நாலைந்து போட்டோவைப் பார்த்தே மனிதர் மயங்கிப்போயிருந்தார்.

"ஆழியின் அடியில் அதிசய நகரம்" என்று நாங்களே பெயர் வைத்தோம். மாட்டுவண்டியில் விளம்பரத் தட்டி கட்டி, தம்பட்டம் அடித்து, சுற்றுவட்டாரம் முழுக்க நோட்டீஸ் வீசினோம். வண்டியில் தகரக் குழலோடு நின்று கூவியவர் எங்கள் விளக்கக்காரர். இங்கிலீஷ் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, குழல் வழியாகக் கதை சொல்லும் ஆள் அவர். அந்த வேலையே இப்போது இல்லை. அதற்கு முன்னால் தெருக்கூத்தில் கதையை நடத்திச் சொல்லும் கட்டியங்காரனாக இருந்தவர். இங்கிலீஷ் அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் கூட்டத்தைப் படிக்கத் தெரியும். திரைக்கு முதுகைக் காட்டி, ஜனங்களின் முகத்தைப் பார்த்தபடியேதான் கதை சொல்வார். முகம் வாடினால் கதையை மாற்றிவிடுவார். என் தொழிலில் நான் யாரையாவது குரு என்று சொல்வதானால் அவரைத்தான் சொல்வேன். ஆனால் வாழ்நாளில் எனக்கு எதுவும் சொல்லிக்கொடுத்தவர் இல்லை. என் டீயைப் பிடுங்கிக் குடித்தவர்.

"ஒகேனக்கல்லுல விழுற தண்ணி அத்தனையும் கடைசியில எங்க போயிச் சேருது? அந்தக் கடலுக்கு அடியில என்ன இருக்குது? வந்து பாருங்க!" என்று அவர் வண்டியில் நின்று கூவியதைக் கேட்டு வத்தல்மலையிலிருந்துகூட ஆட்கள் இறங்கி வந்தார்கள். கடலைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் பக்கம் ரொம்பக் குறைவு. கடலே கூடாரத்துக்குள் வரப்போகிறது என்றுதான் முதல் நாள் கூட்டம் வந்து உட்கார்ந்தது.

சர்க்கார் உத்தரவுப்படி எந்தப் படத்துக்கு முன்னாலும் யுத்தச் செய்திச் சுருள் ஒன்று ஓட்டியாக வேண்டும். செய்தி ஓடும்போது பாதிப் பேர் பீடி பிடிக்க வெளியே போய்விடுவார்கள். அதைத் தடுக்க எங்கள் முதலாளி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். செய்திச் சுருளையும் படத்தையும் இடைவெளி விடாமல் ஒட்டிவிடச் சொல்லியிருந்தார். அந்த வாரச் செய்தியில் துறைமுகம், பெரிய கப்பல், மூட்டை முடிச்சோடு ஏறும் சிப்பாய்கள், கப்பல் புகை விட்டுப் புறப்படுவது எல்லாம் வந்தன. அது முடிந்த கையோடு எங்கள் படத்தின் கடல் வந்துவிடும். எது நிஜம், எங்கே கதை ஆரம்பம் என்று தெரியாது.

படமா அது! முக்கால்வாசி நேரம் வெள்ளைக்காரர்கள் கப்பலில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருவழியாக உருண்டை கடலுக்குள் இறங்கியது. ஒரே மீன் மூன்று தடவை குறுக்கே போனது. ரப்பர் ஆக்டோபஸ் ஒன்று வந்தது. அதைத் தூக்கிப் பிடித்திருந்த கயிறு பளிச்சென்று தெரிந்தது. அதிசய நகரம் என்பது திரைச்சீலையில் வரைந்த கோபுரங்கள். காற்றில் கோபுரமே நெளிந்தது. நீள அங்கி போட்ட சிலர் அங்கே வந்து நின்று கையைத் தூக்கினார்கள். விஞ்ஞானி ஒரு பெட்டியைத் திறந்தார், புகை வந்தது, முடிந்தது படம். இதற்கா அப்பா இவ்வளவு தம்பட்டம்!

முதல் நாள் கூட்டம் மணலை வாரித் திரையில் வீசத் தொடங்கிவிட்டது. ஆண்கள் பக்கம் எழுந்துவிட்டார்கள். கூடாரக் கயிற்றை எவனாவது அவிழ்த்துவிட்டால் எல்லாம் போச்சு. கடைசிச் சுருள் ஓடிக்கொண்டிருக்கிறது, என்னால் மெஷினை நிறுத்தவும் முடியாது, விட்டுவிட்டு ஓடவும் முடியாது. அப்போதுதான் விளக்கக்காரர் குழலை உயர்த்தி, அங்கி போட்ட அந்த ஆட்களைக் காட்டிச் சொன்னார்.

"ஐயா, அம்மா, பாத்துக்குங்க. கப்பலு முழுகிப் போயி செத்துட்டாங்கன்னு ஊரெல்லாம் அழுத ஆளுங்க இவங்கதான். கடல்ராசா இவங்களை உசுரோட வெச்சுக் காப்பாத்திக்கிட்டிருக்கறாரு!"

கூட்டம் அப்படியே உட்கார்ந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் நிறைய. அதை விளக்கக்காரர் ஜனங்களின் முகங்களிலேயே படித்திருக்க வேண்டும். அன்றைக்குக் கூடாரம் பிழைத்தது. மறுநாளிலிருந்து கடல்ராஜா கதைக்காகவே ஜனம் வந்தது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். அந்தக் கதை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மணல் வீச்சிலிருந்து நம்மைக் காப்பாற்றியவரிடம் போய் என்ன சொல்வது என்று இருந்துவிட்டேன்.

சில நாள் கழித்து, காலையில் நாங்கள் கூடாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். கிழக்கே ஒரு சிற்றூரில் மானாவாரி நிலம் வைத்திருந்த குடியானவர். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சண்டைக்கு வந்தவராகத் தெரியவில்லை.

அவருடைய மகன் பட்டாளத்தில் சேர்ந்தவன். கப்பலோடு போய்விட்டான் என்று சர்க்காரிலிருந்து சொல்லிவிட்டார்கள். உடம்பு கிடைக்கவில்லை. இனி கிடைக்கப்போவதும் இல்லை. உறவுமுறையார் கூடிக் கருமாதிக்கு நாள் பார்த்துவிட்டார்கள். அன்றைக்கு மருமகள் மாதம்மாளின் தாலியை இறக்க வேண்டும். அதுவரைக்கும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத பெண் இப்போது பொறுக்கச் சொல்கிறாள்.

"உங்க படம் ஊர விட்டுப் போறவரைக்கும் பொறுங்க மாமான்னு சொல்லுதுங்க தம்பி. வேற ஒண்ணும் பேச மாட்டேங்குது. பொழுது சாஞ்சா அக்கம்பக்கத்துப் பொம்பளைங்களோட இங்க வந்துருது. கடலுக்கு அடியில ஆளுங்க உசுரோட இருக்கறாங்கன்னு நீங்கதான குழல்ல சொல்றீங்களாமே. அது பச்சைப் புள்ளைங்க. நெசத்தச் சொல்லி அனுப்பிச்சு வெச்சுருங்க."

பேசிவிட்டு அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாள் நெருங்கிவிட்டது, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, மகனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் கிடக்கிறோமே என்று அவருக்கு வேதனை. நான் மருமகளைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். படம் பொய் என்பதை அவள் கண்ணுக்கு முன்னால் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.

விளக்கக்காரர் குழலை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஸ்டூல் ஆண்கள் பக்கத்தில்; பெண்கள் பக்கத்தை ஓலைத் தட்டி மறைப்பதால் அந்தப் பக்கத்து முகங்களை அவர் பார்த்ததே இல்லை. எனக்கோ அறையின் ஓட்டை வழியாக எல்லோருடைய பின்னந்தலையும்தான் தெரியும். இருவருமே மாதம்மாளைப் பார்த்ததில்லை. "இன்னிக்கே கடல்ராசாவக் கொன்னுபோடறேன்" என்று மட்டும் அவர் சொன்னார்.

எனக்கு அது போதாது என்று பட்டது. வியாதி கடல்ராஜாவில் இல்லை, செய்தியையும் படத்தையும் சேர்த்த ஒட்டில்தான் இருக்கிறது என்று என் மூளை சொன்னது. நிஜமான கப்பலைப் பார்த்த கண்ணுக்குப் பின்னால் வருகிற அட்டைக் கப்பலும் நிஜமாகத்தானே தெரியும்? அந்த நிஜத்தை எடுத்துவிட்டால் பொய் தானாக விழுந்துவிடும். தருமபுரியில் போட்டிருந்த இன்னொரு டாக்கீஸ் கூடாரத்தில் வேறொரு செய்திச் சுருள் இருந்தது, காய்கறித் தோட்டம் போடச் சொல்லும் சுருள். இதைக் கொடுத்து அதை வாங்கிவிட்டால் சர்க்கார் உத்தரவும் மீறாது. பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டும் தருமபுரி பஸ் திடலில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. விட்டால் மறுநாள்தான்.

விளக்கக்காரர் என் கையைப் பிடித்தார். "அவசரப்படாத. அந்தப் புள்ள வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்றார்.

கேட்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சல் வந்தது. மாமனாரே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், பஸ் போய்விட்டால் இன்றைக்கும் அந்தப் பெண் அதே கப்பலைப் பார்த்துவிட்டுப் போவாள், அப்புறம் யார் பொறுப்பு என்று கத்தினேன். ஒட்டைப் பிரித்து, செய்திச் சுருளை டப்பாவில் போட்டு, ஓடிப்போய் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

வெயில் ஏறிய பிறகு பெரியவர் மாதம்மாளோடு வந்தார். இருபது வயதுகூட இருக்காது. காட்டு வேலையில் கறுத்த கை, கண்டாங்கிச் சேலை. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் பட ஃபிலிமைக் கையளவு இழுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். இதோ பாரம்மா கயிறு, இதோ பார் சீலையின் மடிப்பு, இது நெளிகிறதல்லவா, நிஜக் கோபுரம் நெளியுமா என்று பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். அவள் மரியாதைக்காக எல்லாவற்றையும் பார்த்தாள். நான் முடிக்கும் வரை பொறுத்திருந்தாள்.

"தெரியுமுங்கண்ணா. மொத நாளே பாத்துட்டனுங்க, அந்த எட்டுக்கால் மீனு கயித்துல தொங்குனத. கூத்துல கிரீடம் அட்டைன்னு தெரியாதுங்களா."

நான் ஃபிலிமைக் கீழே இறக்கினேன். பிறகு எதற்கம்மா தினமும் வந்தாய் என்று கேட்டேன்.

"இதுக்கு முந்தி ஒண்ணு காட்டுவீங்களே, அதுக்குங்க" என்றாள். பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "அதுல பட்டாளத்துக்காரங்க கப்பல்ல ஏறுறாங்க. முதுகு மட்டுந்தான் தெரியுதுங்க. கடைசியா ஏறுறவரு, எங்க வூட்டுக்காரரு மாதிரியே எடது தோள எறக்கிக்கிட்டு நடக்கறாரு. அவருதான்னு சொல்லலீங்க. எத்தனையோ பேரு போயிருப்பாங்க. அவரு மொரப்பூருக்கு ரயிலேறப் போனன்னிக்கு நான் காட்டுல களையெடுத்துக்கிட்டு இருந்துட்டனுங்க. போனதப் பாக்கல. அதான், தாலிய எறக்கறதுக்கு முந்தி பாத்துக்கலாம்னு வந்தனுங்க."

படம் முழுக்க ஏன் உட்கார்ந்திருந்தாய் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள், கூட வந்த பெண்கள் எழுந்தால்தானே இருட்டில் வீட்டுக்குப் போக முடியும் என்று.

"அந்தச் சுருளயும் இந்த மாதிரி வெளிச்சத்துல புடிச்சுக் காட்டுவீங்களாண்ணா? ஒருக்கா கிட்டத்துல பாத்தாப் போதுங்க."

நான் கையிலிருந்த ஃபிலிமைத் திரும்பச் சுற்றத் தொடங்கினேன். விளக்கக்காரர்தான் சொன்னார், அது காலை பஸ்ஸில் போய்விட்டது தாயே என்று. திரும்ப வருமா என்று அவள் கேட்டாள். ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கும் சுருள் அது என்று சொல்ல வேண்டியிருந்தது.

பெரியவர் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தாயி" என்றார். "நீங்க கேக்கலீங்களே மாமா" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு அவரைக் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"படம் போயிருச்சுங்களே மாமா. பாத்த நாள்லயே வெச்சுக்கலாம், வாங்க."

விளக்கக்காரர் சோறுகூடத் தின்னாமல் வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு தருமபுரிக்கு மிதித்தார். பொழுது சாய்கிற நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தார். அந்தக் கூடாரக்காரர்கள் நம் சுருளை வாங்கின கையோடு கிருஷ்ணகிரிப் பக்கம் போகிற லாரியில் ஏற்றியிருந்தார்கள். அங்கேயும் ஆள் சொல்லி அனுப்பினோம். சுருள் அதற்குள் ஓசூர் தாண்டிவிட்டது என்றார்கள். மாதம்மாள் புருஷனின் கருமாதி நாள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

அன்று மாலைக் காட்சியில், பஸ் திரும்பி வரும்போது கொண்டுவந்த காய்கறித் தோட்டச் செய்தி ஓடியது. பிறகு படம். விளக்கக்காரர் குழலைக் கையில் வைத்திருந்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. கடல்ராஜா வருவார் என்று காத்திருந்த கூட்டம், அவர் வரவில்லை என்றதும் மணலை வாரியது. அவர் மேலேயும் விழுந்தது. தட்டிவிடக்கூட இல்லை. மறுநாள் முதலாளி படத்தைத் தூக்கிவிட்டார். அந்தச் சீசன் முடிந்ததும் விளக்கக்காரர் கூத்துக்கே திரும்பிப் போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

யுத்தம் முடிகிறவரைக்கும் எந்தச் செய்திச் சுருள் வந்தாலும் பகலிலேயே இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கப்பல்கள் எத்தனையோ வந்தன. அந்தச் சுருள் வரவில்லை. பிறகு பழைய சுருள்களையெல்லாம் திருப்பி வாங்கி என்ன செய்தார்களோ தெரியாது.

ஆகையால் தம்பிகளா, படம் நல்லதா கெட்டதா என்று வாசலில் நின்று பேசிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் பேசாதீர்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர் எதற்காக வந்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் கேளுங்கள். பஸ் போனால் போகட்டும்.

அந்த ரப்பர் ஆக்டோபஸை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். கயிறு எங்கே கட்டியிருந்தது, மீன் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எந்தக் கோபுரம் நெளிந்தது, எல்லாம் கண்ணிலேயே நிற்கிறது. செய்திச் சுருளையும் தினமும் நான்தான் ஓட்டினேன், என் கையால்தான் மாட்டினேன். கடைசியாக ஏறியவரை மட்டும் நான் பார்க்கவே இல்லை.